மகளுக்கென்று எடுத்துவைத்த தண்ணீர்

மகள்,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதற்கு அடுத்த வரியாக "நாங்களும் நல்ல சுகம்" என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. அதை எழுதாமல் விடுகிறேன். இது தொலைபேசியில் சொல்லக்கூடிய கதை இல்லை. உன் அழைப்பு வந்ததும் அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்துவிடுவாள், ஸ்பீக்கரைப் போடச் சொல்லுவாள். பிறகு நான் என்னத்தைக் கதைப்பது? மழை இல்லை, சிவப்பி கன்று போட்டுவிட்டது என்று ஊர்ப்புதினம்தான் சொல்லலாம். இப்போது ட்ராக்டர் கொட்டிலுக்குள் இருந்து எழுதுகிறேன். கமக்கார அமைப்புக்கு வயல் விசயமாக ஏதோ எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். "வயித்துப் பிள்ளைக்காரி. அவளுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்காத குறை. சத்தியம் வாங்கவில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உன்னை இங்கே வரவேண்டாம் என்று சொல்லத்தான் முதலில் இந்தக் கடதாசியை எடுத்தேன். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வருவது எங்கள் வழக்கம். நீயும் ஏழாம் மாதத்தோடு வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். கொழும்பிலேயே நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அங்கேயே இரு பிள்ளை என்று எழுதிவிட்டால் என் பயத்தில் பாதியாவது குறையும் என்று நினைத்தேன். ஆனால் காரணம் சொல்லாமல் வராதே என்றால் நீ என்ன நினைப்பாய்? அதனால் நடந்ததை முதலில் எழுதுகிறேன். நீ இதை ஆருக்கு வாசித்துக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. துணுக்காய்ப் பக்கம் எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை இது.

நான் பயந்த சுபாவம் உள்ளவன் இல்லை என்று உனக்குத் தெரியும். காவல் கொட்டிலில் தனியப் படுத்து யானை கலைத்திருக்கிறேன். பாம்பு வந்தால் உன் அம்மா கதிரையில் ஏறுவாள், நான் தடி எடுப்பேன். அப்படிப்பட்ட மனிசன் இப்போது ஒரு கோப்பைத் தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறேன். காலையில் சலம் கழித்துவிட்டு நுரைக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். கைவிரலால் கணைக்காலை அமத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கிறேன். கொஞ்சம் களைத்தால், இது வெயிலில் வந்த களைப்பா, அந்தச் சிறுநீரக வருத்தத்தில் வந்த களைப்பா என்று எனக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. சிரிக்காதே. எல்லாம் ராசு அண்ணை போனதிலிருந்து தொடங்கியது.

முன் ஒழுங்கை ராசு அண்ணையை உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னை ட்ராக்டர் பெட்டியில் ஏற்றிப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். நெல் மூட்டையைத் தலையணை போலத் தூக்குகிற மனிசன். அவருக்கு நோவில்லை, காய்ச்சலில்லை. சாப்பாடு மனமில்லை என்றார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் அநேகமாக முடிந்துவிட்டன என்றார்கள். அதன்பிறகு இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் ஒரு சின்னப் பிள்ளையின் உடம்பாக வற்றிப்போனார். "தம்பி, இது சத்தம்போடாமல் வாற கள்ளன். உள்ளுக்கை எல்லாத்தையும் எடுத்துப்போட்டுத்தான் நாய் குரைக்கும்" என்று என்னிடம் சொன்னார். அவர் குடித்ததும் எங்கள் கிணற்றின் ஊற்றுத்தான். நடுவில் ஒரு வேலி மட்டும்.

அவருடைய செத்தவீட்டுக்குப் பிறகு வாசிகசாலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். சுகாதாரப் பகுதியிலிருந்து வந்தவர் எங்கள் பகுதித் தண்ணீரில் கரைந்திருக்கிறவற்றைப் பற்றி விளங்கப்படுத்தினார். இந்த வருத்தத்துக்கு இதுதான் காரணம் என்று இன்னும் முடிவாகச் சொல்ல முடியாதாம், ஆனால் தண்ணீரிலும் சந்தேகம் இருக்கிறதாம், சுத்திகரித்துக் குடிப்பதுதான் நல்லதாம். உன் அம்மா எழும்பி, "நாங்கள் ஒரு நாளும் பச்சைத் தண்ணி குடிக்கிறேல்லை. நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறனாங்கள்" என்று பெருமையோடு சொன்னாள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கரைந்திருக்கிறது போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது தடிக்கும் என்று அவர் சொன்னார். உன் அம்மாவின் முகம் அப்போது போன போக்கை நான் மறக்கமாட்டேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கொதிக்கவைக்கிறவள் அவள். வீட்டுக்கு வந்ததும் வாசல் படலையடியில் நின்று, "அப்ப இவ்வளவு நாளும் காய்ச்சினது?" என்று மட்டும் கேட்டாள். நான் சைக்கிளைச் சாத்தினேன்.

அந்தக் கிழமைதான் நீ பிள்ளை உண்டாகியிருக்கிற செய்தியைச் சொன்னாய். அம்மா அழுதாள், நானும் கொஞ்சம் அழுதேன், அதை நீ கேட்டிருக்கமாட்டாய். தொலைபேசியை வைத்த கையோடு எனக்கு உன் பல்லுத்தான் கண்ணுக்குள் வந்தது. உன் கலியாணத்தன்று படம் எடுக்கிறவர் "நல்லாச் சிரியுங்கோ" என்று எத்தனை தரம் கேட்டும் நீ வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாய். உன் பல்லில் இருக்கிற அந்த மண்ணிறப் புள்ளிகள் தண்ணீரால் வந்தவை என்று இப்போதுதான் எங்களுக்குத் தெரியும். உன்னோடு படித்த பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படித்தானே இருந்தது, நாங்கள் அதை ஒரு குறையாகவே எண்ணவில்லை. பல்லில் தெரிந்தது பல்லோடு நின்றதா, இன்னும் எங்கெங்கே போயிருக்கிறது என்று ஆர் கண்டது? உன் பிள்ளை பிறந்து முதல் குடிக்கிற சொட்டுத் தண்ணீரும் அந்தக் கிணற்றிலிருந்துதான் வரப்போகிறது என்று நினைத்தேன். அடுத்த நாளே வவுனியாவுக்குப் போய் தண்ணீர் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

மெஷினைப் பூட்ட வந்தவர் நல்ல மனிசன். குசினிச் சுவரில் மெஷினை அடித்து, பாத்திரம் கழுவுகிற இடத்தில் தனியாக ஒரு சின்னப் பைப் வைத்தார். கரைந்த உப்பை அளக்கிற, பேனை போல ஒரு கருவியைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்துக் காட்டினார், இலக்கம் விறுவிறென்று ஏறியது. மெஷின் தண்ணீரில் வைத்தார், இலக்கம் எழும்பவே சோம்பேறி போலப் பஞ்சிப்பட்டது. எனக்குக் கும்பிடவேண்டும் போலிருந்தது. பிறகு மெஷினின் பின்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாயை யன்னலால் வெளியே விட்டு, "இதால வாறது கழிவு. இதைக் குடிக்கக் கூடாது" என்றார். நல்ல தண்ணீர் ஒரு பங்கு வந்தால் கழிவு அதைவிடக் கூடப் போகிறது. உன் அம்மா யன்னலடியில் நின்று அது மண்ணில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஐயோ, பளிங்கு மாதிரித் தண்ணி. இதையே நிலத்தில விடுறது? மாரி வரக் கனக்கக் கிடக்கு" என்றாள். அன்று பின்னேரமே நீல நிறப் பிளாஸ்டிக் பரல் ஒன்றை உருட்டி வந்து அந்தக் குழாயின் கீழே வைத்தாள். ஏனம் கழுவ, முற்றத்துக்குத் தெளிக்க ஆகும் என்றாள். நியாயந்தானே என்று நானும் நினைத்தேன்.

மெஷின் வந்தபிறகு வீட்டில் ஒரே சண்டை தேத்தண்ணீரைப் பற்றித்தான். உன் அம்மாவுக்கு அந்தத் தண்ணீர் பிடிக்கவே இல்லை. "சப்பெண்டு கிடக்கு, ஆஸ்பத்திரித் தண்ணி மாதிரி" என்பாள். நான் ராசு அண்ணையின் பெயரைச் சொன்னால், "வற்றாப்பளையில கடல் தண்ணியில விளக்கெரிக்கிற அம்மாள் இருக்கிறா. அவா இந்தக் கிணத்துத் தண்ணியாலயே எங்களைச் சாகவிடப் போறா?" என்பாள். அம்மாளை இழுத்தால் நான் வாய் திறக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வைகாசியில் வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குப் போனபோது, உனக்காக நேர்ந்து முடிந்துவிட்டு, மெஷின் பழுதாகக் கூடாது என்றும் சேர்த்துக் கும்பிட்டாள். ஆகவே அவளும் பயந்துதான் இருக்கிறாள், வெளியே காட்டவில்லை என்று நினைத்தேன். எதற்குப் பயந்தாள் என்பதைத்தான் நான் பிழையாக விளங்கிவிட்டேன்.

போன மாதம் ஒரு பின்னேரம் தேத்தண்ணீர் போடலாம் என்று கேத்திலைத் திறந்தேன். உள்ளே வெள்ளைவெளேரென்று உப்புப் படை பிடித்திருந்தது. மெஷின் பூட்டிய அன்று பழப்புளி போட்டுத் தேய்த்து அதை நான்தான் பளபளவென்று ஆக்கினேன். மெஷின் தண்ணீரில் படை வராது. வந்திருக்கிற படையோ முந்தியதைவிடத் தடிப்பாக இருந்தது.

"இஞ்சாரும், கேத்திலுக்குள்ள என்ன இது?" என்று கேட்டேன்.

"கரண்ட் நிண்ட நேரம் கிணத்துத் தண்ணி வைச்சனான். அதுக்கென்ன இப்ப?" என்றாள்.

கரண்ட் நின்றால் ஒரு நாள் நிற்கும். ஒரு நாளில் இவ்வளவு படையா?  அடுத்த நாள் நீ வந்தால் படுக்கிற அறையில் நுளம்பு வலைக்கு ஆணி அடிக்கப் போனேன். கட்டிலில் ஏற முதல் கால் எதிலோ தட்டுப்பட்டுச் சலசலத்தது. குனிந்து பார்த்தேன். உன் கட்டிலுக்குக் கீழே, சுவர் வரை, சோடாப் போத்தல்களும் தண்ணீர்க் கான்களுமாக நிறைந்திருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர். மூடிக்கு மேலே பொலித்தீன் சுற்றி நூலால் கட்டியிருந்தாள். அலுமாரிக்குப் பின்னாலும் இருந்தன. ஆணியும் சுத்தியலும் கையில் இருக்க நான் நிலத்திலேயே குந்திவிட்டேன்.

கூப்பிட்டுக் கேட்டேன்.  அவளுக்கே கோபம் வந்துவிட்டது. "மெஷின் எப்ப நிக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? மோட்டர் எரிஞ்சா? பூட்டினவர் வராட்டி? பிள்ளை வந்து நிக்கேக்கை நல்ல தண்ணி இல்லையெண்டா என்ன செய்யிறது? அதுதான் எடுத்து வைச்சனான்" என்றாள்.

"அப்ப நீர் என்னத்தைக் குடிச்சனீர்?"

"எனக்கென்ன. அந்தப் பரல் தண்ணி நல்லாத்தானே கிடக்கு. அதுவும் மெஷினுக்குள்ள போட்டு வந்த தண்ணிதானே. பேந்தும் நான் காய்ச்சித்தானே குடிக்கிறன்."

மகள், விளங்குகிறதா? கழிவை. கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற அத்தனை உப்பையும் மெஷின் பிரித்து ஒன்றாகத் திரட்டி வெளியே தள்ளுகிறதே, அதை. அதையும் காய்ச்சி, இன்னும் தடிக்கவைத்து. எனக்கு மெஷின் தண்ணீரில் தேத்தண்ணீர், அவளுக்குத் தனியாகப் பரல் தண்ணீரில். நான் வயலுக்குப் போனபிறகு அவள் குடிக்கிற கோப்பையில் என்ன இருக்கிறது என்று நான் எப்படி அறிவேன்? நான் கத்தினேன். கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் அப்படிக் கத்தியதில்லை. அவள் அழவில்லை. "கத்தாதேங்கோ, அயலுக்குக் கேக்கும்" என்று போத்தல் ஒன்றை நிமிர்த்தி வைத்தாள். அப்போதுதான் சேலைக் கரைக்குக் கீழே அவளுடைய காலைப் பார்த்தேன். கணைக்கால் எலும்பு தெரியவில்லை. செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

உனக்கு எவ்வளவு ஞாபகமோ தெரியாது. சண்டைக்காலத்துக் கடைசி இடப்பெயர்வில் கடற்கரைப் பக்கம் தறப்பாள் கட்டி இருந்தோம். மணலில் கிடங்கு தோண்டினால் உவர்த்தண்ணீர் ஊறும், எல்லாரும் அதைத்தான் குடித்தோம். எங்கேயோ நல்ல கிணறு ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டு நான் போய் ஒரு சின்னக் கான் கொண்டுவந்தேன். அம்மா அதைத் துணியால் சுற்றிப் பதுங்குகுழி மூலையில் வைத்து, உனக்கு மட்டும் மூடியில் ஊற்றி ஊற்றித் தந்தாள். நான் கேட்டபோது "நான் இப்பதான் குடிச்சனான்" என்றாள். சுற்றிலும் செல் விழுந்துகொண்டிருந்த நேரம், நானும் ஓம் என்று நம்பிவிட்டேன். அந்தக் கானை அவள் இன்னும் கையிலிருந்து இறக்கிவைக்கவில்லை போலத்தான் எனக்குத் தெரிகிறது. கரண்ட் வந்து, றோட்டு வந்து, மெஷினும் வந்துவிட்டது. பைப்பைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும், நாளைக்கும் வரும் என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவளுக்கு வராத நம்பிக்கையை நான் எந்தக் கடையில் வாங்கிப் பூட்டுவது?

அடுத்த நாளே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரத்தமும் சலமும் சோதித்தார்கள். முடிவு வரும் நாள்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வாங்குப் பலகையில் காத்திருந்தபோது அவள் பக்கத்தில் இருந்த மனிசியோடு கருவாடு விலை கதைத்துக்கொண்டிருந்தாள், எனக்கு உள்ளங்கை வேர்த்து ஒழுகியது. உள்ளே கூப்பிட்ட டொக்டர் பிள்ளை உன் வயதுதான் இருக்கும். ஒளிக்காமல் சொன்னா. "அம்மாவுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் பழுதாயிட்டுது ஐயா. இது இந்த மாதத்தில வந்ததில்லை, கன வருசமா வந்திருக்கு. போனதைத் திருப்பி எடுக்கேலாது. ஆனா இருக்கிறதைப் பிடிச்சு வைக்கலாம். பிறஷர் மருந்தை விடக்கூடாது. இனி நல்ல தண்ணி மட்டும் குடிக்கச் சொல்லுங்கோ." இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் சோதிக்க வேண்டும். ராசு அண்ணையின் வழிக்குப் போகுமா, இப்படியே நிற்குமா என்பது அப்போதுதான் தெரியும். அறையை விட்டு வெளியே வந்ததும் உன் அம்மா சொன்ன முதல் சொல், "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

நான் பரலை உருட்டிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டேன். கழிவுக் குழாயைக் கிணற்றுக்குத் தூரமாகப் பின்வளவுக்கு நீட்டிவிட்டேன். போத்தல்களைத் திறந்து ஊற்றப் போனபோது குறுக்கே நின்றாள், விட்டுவிட்டேன். தண்ணீரை நானே வார்த்துக் கையில் கொடுக்கிறேன். ஓம் ஓம் என்று வாங்கிக்கொண்டு குசினிக்குள் போகிறாள். முந்தநாள் யன்னலால் பார்த்தேன். வாயை நனைத்துவிட்டு, மிகுதியை அப்படியே ஒரு போத்தலுக்குள் ஊற்றி மூடினாள். சிந்தாமல், அவ்வளவு கவனமாக. நான் உள்ளே போய்க் கேட்டால், குடித்துவிட்டேன் என்று கண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிறாள். தாகத்தோடு திரிகிறாள், மகள். குடிக்கிற தண்ணீர் வீடு நிறைய இருக்க, தாகத்தோடு திரிகிறாள். எனக்கு இப்போது வருத்தத்தை விட அதுதான் பெரிய பயம். நான் எவ்வளவு நேரம் பின்னால் திரிந்து காவல் காப்பது? யானையைக் கலைக்கலாம், இவளை என்ன செய்வது?

நீயும் தாயாகப் போகிறாய். உனக்குச் சொல்கிறேன், இந்தப் பழக்கத்தை மட்டும் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. பிள்ளைக்கு ஊட்டும்போது உனக்கும் ஒரு கோப்பையை வை. களைத்தால் களைப்பென்று மாப்பிள்ளையிடம் வாய்திறந்து சொல். "எனக்கென்ன" என்ற சொல்லை உன் வீட்டுக்குள் விடாதே. உனக்கு ஏதும் ஆனால் உன் பிள்ளையும் ஒருநாள் இப்படி வாங்கில் இருந்து உள்ளங்கை வேர்க்கக் காத்திருக்கும். நீ எங்களுக்கு ஒளித்து எதையும் தாங்கிக்கொண்டிருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடு. பிந்தித் தெரிவதுதான் என்னைக் கொல்கிறது.

இனி, வா என்பதா வராதே என்பதா என்று சொல்கிறேன். இவ்வளவையும் எழுதி வரும்போதே எனக்குத் தெளிந்துவிட்டது. டொக்டர் சொல்லியும் அவள் கேட்கவில்லை, நான் கத்தியும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ பாதித் தேத்தண்ணீரை விட்டுவிட்டு ஓடுவாய், கடித்த பாணைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு எழும்புவாய். வாசலில் நாய் வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்து ஏமாந்து போகும். நீ வைத்த மிச்சம் எதையும் உன் அம்மா கொட்டி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எடுத்து வைத்ததும் இல்லை. நின்ற நிலையிலேயே தன் வாயில் ஊற்றிவிட்டுத்தான் கோப்பையைக் கழுவுவாள்.

ஆகவே வா, பிள்ளை. ஏழாம் மாதம் முடியும் வரை பார்க்காதே, டொக்டரிடம் கேட்டுக்கொண்டு எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக வா. பஸ் வேண்டாம், ரெயிலில் வா, மாங்குளத்தில் நான் நிற்பேன். இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்காதே, அழாதே. வந்தவுடன் குசினிக்குள் போய், தாகமாயிருக்கிறது என்று சொல்லி, அந்தச் சின்னப் பைப்பைத் திறந்து பெரிய கோப்பையில் நிறையப் பிடி. அவள் பார்க்கக் குடி. முழுக்கக் குடித்துவிடாதே. ஒவ்வொரு தடவையும் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழும்பு.

அப்பா